அடுத்தவர் கட்டிய தோட்டா

1

கதை எழுதும் ஆசையில் இதை எழுத உட்காரவில்லை. பயத்தில் உட்கார்ந்தேன். என் மேசையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது. அதற்குள் ஐம்பது தோட்டாக்கள் தலைகீழாக நிற்கின்றன. மாட்டுப் பண்ணைக்காரர் வெர்லின் தன் வீட்டு ஷெட்டில், தன் கையாலேயே கட்டித் தந்தவை. சனிக்கிழமை காலை அவருடைய மேய்ச்சல் நிலத்தில் உட்கார்ந்து நான் அவற்றைச் சுட வேண்டும். சுடுவதற்குப் பயமாக இருக்கிறது. சுடமாட்டேன் என்று அவரிடம் சொல்வதற்கு அதைவிடப் பயமாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சும்மா இருக்க முடியாமல் எழுதுகிறேன்.

முதல் வரியை இப்படித்தான் ஆரம்பித்தேன்:

"மேற்கு டகோட்டாவின் புல்வெளியில் காற்று என்பது ஒரு"

வேண்டாம். காற்றைப் பற்றி எழுதினால் ஊர் அழகாகத் தெரியும். உங்களுக்குப் பயம் வராது.

இரண்டாவது முயற்சி: "வெர்லினும் நானும் மருந்து அளப்பவர்கள். அவர் வெடிமருந்து, நான்"

இதையும் அடித்துவிட்டேன். மலிவான ஜோடனை. ஆனால் நான் இந்த ஊரின் ஒரே மருந்துக் கடையை நடத்துகிறவள் என்பது உண்மை. அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2

ஸ்கோப்பிலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம். என் ரைஃபிளின் மேல் குறிபார்க்கப் பூட்டியிருந்த தொலைநோக்கி, அந்தப் பழைய ஸ்கோப்புக்குள் ஈரம் புகுந்து பூத்துப்போனது. புதிது வாங்க வேண்டும். குளிர்காலம் முழுக்க அதே வேலையாக இருந்தேன். படம் பார்ப்பது, விலை பார்ப்பது, வெர்லினிடம் போய்க் கேட்பது, திட்டு வாங்குவது.

"இருபத்தஞ்சு மடங்கு பெருசா காட்டுறது உனக்கு எதுக்கு, மாத்திரைக்காரி? நாயோட பல்லை எண்ணப் போறியா?"

"தூரத்துல இருக்கறது தெரிய வேணாமா?"

"தெரியும், தெரியும். வெயில் ஏறினா தரையிலேர்ந்து கானல் கிளம்பும். பெருசா காட்டுற கண்ணாடி கானலையும் பெருசாத்தான் காட்டும். நாய் ஒரு பக்கம் ஆடும், உன் நெஞ்சுத் துடிப்பு ஒரு பக்கம் ஆடும். பதினாலு போதும். பேசாம அதை வாங்கு."

(நாய் என்று அவர் சொன்னது நாயை அல்ல. தரையில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் பருத்த அணில் ஜாதி ஒன்று. இங்கே எல்லோரும் நாய் என்றுதான் சொல்வார்கள், குலைக்கிற மாதிரி கத்துவதால். அதன் வளையில் கால் விட்டு வெர்லினின் மாடு போன கோடையில் கால் முறிந்து கிடந்தது. நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. எனக்கும் முதல் வருடம் சோறு இறங்கவில்லை. ஆனால் இந்தக் கதை அதைப் பற்றி அல்ல.)

பதினாலுதான் வாங்கினேன். ரைஃபிளின் மேல் பூட்டிக் கொடுத்தவரும் அவர்தான். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நாலு விரல் இடம் இருக்க வேண்டும் என்று தன் விரல்களையே வைத்து அளந்தார். "கிட்ட போனா உதைக்கும்போது கிழிச்சுடும்," என்று புருவத்தைக் காட்டினார். அங்கே பிறை மாதிரி ஒரு தழும்பு.

நாலு விரல் தள்ளி என் கண். கன்னத்துக்கு ஒரு சாண் முன்னால், இரும்புக்குள், தோட்டா வெடிக்கும் அறை. ரைஃபிள் பழகியவர்கள் இதை நினைப்பதில்லை. நான் இப்போது வேறு எதையும் நினைப்பதில்லை.

3

தோட்டா கட்டுவது என்றால் என்ன என்று நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டை எடுத்து, அடியில் தட்டினால் தீப்பொறி விடுகிற பழைய பொட்டை நீக்கிப் புதுப் பொட்டு வைத்து, வெடிமருந்து அளந்து போட்டு, மேலே குண்டைச் செருகி அழுத்த வேண்டும். கடைத் தோட்டா எல்லார் துப்பாக்கிக்கும் பொதுவாகச் செய்தது. கட்டிய தோட்டா ஒரு துப்பாக்கிக்கென்றே செய்தது. இத்தனூண்டு பிராணியை அத்தனை தூரத்தில் அடிக்க வேண்டுமென்றால் கட்டினால்தான் சரிப்படும்.

இதில் ஒரு விதி உண்டு. அடுத்தவர் கட்டிய தோட்டாவைத் தன் துப்பாக்கியில் போடக் கூடாது. எல்லாருக்கும் தெரியும். அண்ணன் தம்பிகூட மாற்றிக்கொள்ள மாட்டார்கள். அளவில் எங்கே பிசகினான் என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதே.

வெர்லின் மட்டும் விலக்கு. அவர் கட்டியதை ஊரே சுடும். அவர் தானாக ஒரு பெட்டி கொடுத்தால் அது பெரிய மரியாதை. வேண்டாம் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. சுட்டு முடித்ததும் வெறுங்கூடுகளை அதே பெட்டியில் அடுக்கித் திருப்பித் தர வேண்டும். அவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். பொட்டில் விழுந்த குழியைப் பார்ப்பார், கழுத்தில் படிந்த கரியைப் பார்ப்பார். சுடாமல் சுட்டேன் என்று சொல்ல வழியில்லை. கடைத் தோட்டாவைச் சுட்டு அந்தக் கூடுகளை வைத்து ஏமாற்றவும் முடியாது. தன் கூடுகளின் அடியில் அவர் பச்சை மையால் கோடு போட்டிருப்பார்.

4

டாக்டர் எழுதிய அவருடைய மருந்துச் சீட்டு முதல் தடவை என் கடைக்கு வந்தபோது, யாரும் இல்லாத நேரம் பார்த்து அவரே வந்தார். தொப்பியைக் கழற்றி மேடைமேல் வைத்தார். பொட்டலத்தைத் தந்தேன்.

"இது எதுக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப உனக்கும் எனக்கும் மட்டும்."

அந்த மாத்திரையின் பெயர்

எழுத மாட்டேன். ஞாபகம் நழுவ ஆரம்பித்தவர்களுக்குத் தருவது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.*

(* அவர் பெயர் வெர்லின் இல்லை. ஊரையும் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று சட்டம் என் வாயைக் கட்டியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே இது கதை. கதை என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு சௌகரியம் பாருங்கள்.)

இரண்டு வாரம் கழித்து அவர் மனைவி மைர்னா இருமல் மருந்து வாங்க வந்தாள். மேடையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர்.

"கேட்டியா கண்ணு, எங்க வீட்டுக் கூத்தை? இந்த மனுஷன் மாவு டப்பால சோப்புத் தூளைக் கொட்டி வச்சிருக்காரு. மிச்சத்தை டப்பால போட்டு வச்சேன்னு பெருமை வேற. நான் பாட்டுக்கு அதுல பான்கேக் சுட்டுட்டேன். வீடெல்லாம் நுரை!"

நானும் சிரித்தேன். முகத்தை அப்படியே வைத்துக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது.

"பிரஷருக்குப் புதுசா ஏதோ மாத்திரை சாப்பிடுறாராம். அது இப்படியெல்லாம் பண்ணுமா?"

"மாத்திரை பண்ணாது, மைர்னா," என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அவள் போன பிறகு, கையிலிருந்த வில்லைகளைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் வேறு எண் வந்தது.

5

இந்தப் பகுதியைப் பல தடவை எழுதி அழித்தாயிற்று. கவனமாகப் படியுங்கள்.

தோட்டா வாங்கப் போன அன்று வெர்லின் ஷெட்டில் இருந்தார். தன் ரிவால்வருக்குக் கட்டி முடித்திருந்தார். அடுத்தது ரைஃபிள், எனக்கும் அவருக்குமாக. ரிவால்வருக்குப் போடுவது வேகமாக எரியும் மருந்து, ரைஃபிளுக்கு மெதுவாக எரிவது. இரண்டும் பார்வைக்கு ஒன்று. கடுகில் பாதி இருக்கும் சாம்பல் நிற மணிகள். வேகமானதை ரைஃபிள் கூட்டில் நிரப்பினால் இரும்பு பிளந்துவிடும். அதனால்தான் மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரு டப்பா மட்டும் இருக்க வேண்டும் என்பார்கள். அந்த விதிக்காக வெர்லின் ஊரில் எத்தனை பேரை நாய் மாதிரி விரட்டியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

மேசைமேல் இரண்டு டப்பாக்கள் இருந்தன. இரண்டும் கறுப்பு. இரண்டும் திறந்திருந்தன. ஒட்டியிருந்த பெயர்த்தாள் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. மூடிகள், நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று, ஒன்றாகக் கிடந்தன.

அளக்கும் குழலில் மிச்சமிருந்த ரிவால்வர் மருந்தை அவர் டப்பாவில் திருப்பிக் கொட்ட வேண்டும். குழலைக் கழற்றிக் கையில் எடுத்தார். இடதுபக்க டப்பாவைப் பார்த்தார். வலதுபக்க டப்பாவைப் பார்த்தார். மறுபடி இடதுபக்கம். வீட்டு வாசலில் நின்று சாவி தேடுகிறவர் முகம் மாதிரி ஆகிவிட்டது முகம். அப்புறம் நான் கதவருகே நிற்பதைக் கவனித்தார்.

"வா வா, மாத்திரைக்காரி! காத்தோட வந்தியா?" என்று சொல்லிக்கொண்டே கொட்டினார்.

எந்த டப்பாவில்?

முதலில் எழுதியபோது, சிவப்பு மூடிக்குரிய டப்பாவில், அதாவது சரியானதில் என்று எழுதினேன். இரண்டாவது தடவை நீலத்தில் என்று எழுதினேன், கதைக்கு விறுவிறுப்பு வரும் என்று. மூன்றாவது தடவை உண்மையிலேயே நடந்ததை எழுதலாம் என்று கண்ணை மூடினேன். அவர் கையும் குழலும் தெரிகின்றன, மணிகள் விழும் சரசரப்பு கேட்கிறது. டப்பா தெரியவில்லை. நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்தது அவர் முகத்தை.

6

நானே ரைஃபிளுக்குப் பின்னால் உட்காராமல் தப்பிக்க ரூத் என்று ஒருத்தியை உண்டாக்கினேன். பள்ளிக்கூட ஆசிரியை, தைரியசாலி. அவளிடம் பெட்டியைக் கொடுத்தேன். அவளுக்கு மாத்திரை தெரியாது, மாவு டப்பா தெரியாது, ஷெட்டும் தெரியாது. சந்தோஷமாக உட்கார்ந்தாள். மணல் மூட்டைமேல் ரைஃபிளை வைத்தாள். ஸ்கோப்பில் ஒரு நாய் எழுந்து நின்று, முன்னங்கால்களை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தது. ரூத் மூச்சை இழுத்துப் பாதி விட்டாள். விசையில் விரலை

என்னால் முடியவில்லை. இல்லாத ஒருத்தியின் முகம், நானே ஒட்டிவைத்த முகம், அதைக்கூட அங்கே வைக்க முடியவில்லை. ரூத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். போகும்போது அவள் கேட்டாள், "உங்களுக்கு இவ்ளோ தெரியுதில்ல, அந்த மனுஷன்கிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

பாத்திரங்கள் இப்படித்தான். உண்டாக்கியவளையே குடைவார்கள்.

7

முடிவுகள் சில வைத்திருந்தேன், என்னையே 'அவள்' என்று ஆக்கி.

அவள் சுடுகிறாள், ஒன்றும் ஆகவில்லை, ஐம்பதும் நேராகப் போகின்றன. வெர்லின் கூடுகளைப் பார்த்துத் தலையாட்டுகிறார். கோடையில் இன்னொரு பெட்டி தருகிறார். அப்புறம் இன்னொன்று. பயம் முடியவில்லை, தள்ளிப்போகிறது.

அவள் சுடுகிறாள். பெட்டியின் மூலையிலிருந்து மூன்றாவது.

(இதற்கு மேல் இந்த முடிவை எழுதவில்லை.)

தோட்டாக்களை உடைத்துப் பார்க்கிறாள். இதை நிஜமாகவே செய்தேன். நாலைத் தட்டிப் பிரித்து, மருந்தை மாத்திரை எண்ணும் தட்டில் கொட்டினேன். சாம்பல் மணிகள். விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். சாம்பல் மணிகள்தான். எது எது என்று சொல்லக்கூடியவர் இந்த வட்டாரத்தில் ஒருத்தர்தான் இருக்கிறார். அவரிடம்தான் கேட்க முடியாது.

கடைசியாக, பெட்டி தொலைந்துவிட்டது என்று பொய் சொல்கிறாள். இதையும் நிஜமாகவே செய்தேன். நேற்று பகலில் போனில்.

"ஓடைப் பாலத்துல வண்டி குலுங்கிச்சு. பின்னாடி வச்சிருந்தேன். தண்ணில விழுந்துடுச்சு போல."

"ஐயோ, அதுக்குப் போய் இப்படி அழற மாதிரி பேசுறே? விடு. மருந்து அதே டப்பால இன்னும் பாதி கிடக்கு. சனிக்கிழமைக்குள்ள வேற அம்பது கட்டிடறேன்."

"வேணாம் வெர்லின், சிரமம்"

"என்ன சிரமம்? எனக்குன்னு கட்டினதுதான் முழுசா இருக்கே. அதுல பாதியைத் தர்றேன். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து சுடுவோம்."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆறு பகுதி எழுதியிருக்கிறேன். ஆறிலும் ரைஃபிளுக்குப் பின்னால் என் கண், என் கன்னம், மிஞ்சிப்போனால் ரூத்தின் முகம். அதே டப்பா மருந்து அவருடைய பெட்டியிலும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், மேலே எழுதியும் இருக்கிறேன், "எனக்கும் அவருக்குமாக" என்று. எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. 

8

இன்று சனிக்கிழமை. விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். மைர்னா எடுத்தாள்.

"அவரு அப்பவே கிளம்பிட்டாரே, கண்ணு. காத்து நின்னிருக்கு, கானல் கிளம்பறதுக்குள்ள போறேன்னு சொன்னாரு. காபி மட்டும் ஊத்திக்கிட்டுப் போனாரு. எதுக்கு, நீ போகலியா?"

அவருடைய செல்லுக்கு அடித்தேன். நாய்ப்பட்டணம், அதாவது அந்த வளைகளெல்லாம் இருக்கும் மேட்டில் சில நாள் சிக்னல் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. அடித்துக்கொண்டே இருந்தது. நான் நின்றபடி, செருப்பை ஒரு காலில் மாட்டியபடி, சத்தமாக "எடுங்க, எடுங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

எடுத்தார்.

"எங்க இருக்கே நீ?"

"வெர்லின், சுட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"நான் சொல்றதைக் கேளுங்க. முந்தாநாள் போன்ல சொன்னது பொய். பெட்டி தொலையல. என் மேசையிலதான் இருக்கு. உங்க தோட்டாவைச் சுட எனக்குப் பயமா இருக்கு."

சொல்லிவிட்டேன். ஏழு பகுதி சுற்றி வந்து சொல்ல முடியாததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.  அந்தப் பக்கம் ஒரு நாய் எங்கோ கீச்சுக் குரலில் குலைத்தது, இன்னொன்று பதில் சொன்னது. திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாயிருக்கும்.

"எனக்குந்தான்," என்றார்.

"வெர்லின்..."

"உள்ள ஒண்ணு போட்டு வச்சிருக்கேன். கண்ணையும் வச்சாச்சு. காபி ஆறிப்போச்சு. விரல் போக மாட்டேங்குது."

"அதை வெளிய எடுங்க. இப்பவே. நான் கிளம்பி வர்றேன்."

"எடுக்கறேன். அதுக்கு முந்தி ஒண்ணு சொல்லு. அன்னைக்கு ஷெட்ல கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டிருந்தியே. நான் எந்த டப்பால கொட்டினேன்?"

நான் வாயைத் திறந்தேன்.

"எனக்கு ஞாபகமே வரல," என்றார். குரல் இறங்கியது. "யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். நீ உள்ள வந்தது ஞாபகம் இருக்கு. காத்தோட வந்தியான்னு கேட்டது ஞாபகம் இருக்கு. கொட்டினது மட்டும் இல்ல. சரியான டப்பான்னு நீ ஒரு வார்த்தை சொல்லிட்டியானா நான் இதை எடுக்க வேணாம். மைர்னாகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம். ஷெட்டைப் பூட்ட வேணாம். நீ பாத்தேல்ல?"

பார்த்தேன். ஆனால் மூன்று விதமாக எழுதி மூன்றையும் அழித்த பிறகு, என் ஞாபகத்தில் அந்த ஷெட் அவருடையதைவிட இருட்டாக இருக்கிறது. தெரியாது என்று சொன்னால், அவர் வாழ்க்கையில் இனி எதையும் அளக்க மாட்டார். தெரியும் என்று சொன்னால், சுடுவார். நான் சொல்வதை அவர் அப்படியே நம்புவார். அதுதான் எனக்குப் பயம்.

நீங்கள் ஐந்தாம் பகுதியைப் படித்தீர்கள். கவனமாகப் படியுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். கதவருகே நீங்களும் நின்றீர்கள்.

அவர் இன்னும் போனை வைக்கவில்லை. மூச்சு கேட்கிறது. இந்தாருங்கள், வாங்கிப் பேசுங்கள். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாகச் சொல்லுங்கள்.